தேங்காய் மேல் போட்ட பழி

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு காலம் என் முகம் தெரியாதவர்களுக்கும் என் கதை தெரிந்திருந்தது. தேங்காயால் அடித்து ட்றெயிலரை உடைத்த மனுசி. தமிழ்க் கடையில் ஒரு தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், யாராவது தொடங்கிவிடுவார்கள்.

“அன்ரி, கவனம், என்ரை கார் வாசலிலைதான் நிக்குது.”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். காசு வாங்குகிற பெட்டையும் சிரிக்கும். நான் தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். சண்டை பிடிக்கத் தெரியாமல் இல்லை. ஒருவருக்குச் சொல்லி என்ன பயன்? ஊர் முழுக்கப் போய்விட்ட கதையை எந்த வாசலில் நின்று மறிப்பது?

அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். இந்தக் கதைக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போய்விட்டது. போகட்டும். எனக்கு அவசரம் இல்லை, கோபமும் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாவது மாடியில் கிடந்துவிட்டு, அஜின்கோர்ட் பக்கம் வீடு வாங்கி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான், மகன், மருமகள், அவர்களின் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை. அவனோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் கோடை வந்தால் ட்றெயிலரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார்களாம். திங்கட்கிழமை வந்து அந்தக் கதையையே கதைப்பார்களாம். கேட்டுக் கேட்டு இவனுக்கும் ஆசை பிடித்துவிட்டது. முதலில் பின்பக்கம் திறந்த ஒரு பிக்கப் வண்டி வந்தது. அடுத்த மாதம் அது வந்தது.

ஃபிப்த் வீல் என்று அதற்குப் பெயர். ஐந்தாவது சில்லு எங்கே என்று நானும் சுற்றிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மற்ற ட்றெயிலர்கள் வாகனத்தின் வாலில் கொக்கி போட்டு இழுபடும். இது அப்படி இல்லை. இதற்கு முன்னால் ஒரு பெரிய மூக்கு. அந்த மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்குள்ளே ஒரு படுக்கை அறை. பின்னால் குசினி, மேசை, குளிக்கிற இடம், எல்லாம். முழு வீட்டின் பாரமும் மூக்கு சேருகிற அந்த மூலையில்தான் வந்து இறங்கும். கீழே இரண்டு நீட்டு இரும்பு, முன்னால் நிமிர்ந்து எழும்புகிற இரண்டு இரும்பு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஓர் ஒட்டு. அந்த ஒட்டை நம்பித்தான் எல்லாம்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

கனடாவுக்கு வந்த மறு வருடத்திலிருந்து ஆறு வருடம் நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். கடைகளில் சாமான் அடுக்குகிற இரும்புத் தட்டுகள் செய்கிற இடம். ஆண்கள் வெல்டிங் செய்து அனுப்புவார்கள். என் முன்னால் வரும்போது நான் ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் ஒட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஒட்டு மீன் செதில் அடுக்கியது மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். தட்டினால் கிண்ணென்று சொல்லும். கூடாத ஒட்டு பிட்டு உதிர்ந்தது மாதிரி இருக்கும். தட்டினால் டொக் என்று செத்த சத்தம். அதற்கு மேல் மஞ்சள் சோக்கால் குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி போட்டு, “நோ குட்” என்று சொல்லித் தள்ளிவிடுவேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் நான் நோ குட் என்று சொன்னதை போர்மன் ஒருநாளும் குட் என்று திருப்பி அனுப்பியதில்லை. முழங்கால் நோவால் வேலையை விட்டபோது எனக்குக் கேக் வெட்டினார்கள். நான் கேக்கைக் கேட்கவில்லை. அந்தச் சுத்தியலையும் ஒரு பெட்டி மஞ்சள் சோக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ட்றெயிலர் வந்த அன்று நல்ல வெயில். வீட்டு வாசலில் நிறுத்தி, பிக்கப்பைக் கழற்றிவிட்டு, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. மருமகள் சந்தனமும் குங்குமமும் தட்டில் கொண்டுவந்தாள். தேங்காயை மகன் என் கையில் தந்தான். ஆண்பிள்ளை உடைப்பதுதான் வழக்கம். கணவனை இழந்தவள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்கிற ஆட்களும் உண்டு. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அவர் போன பிறகு எந்த வாகனம் வந்தாலும் நான்தான் உடைப்பேன். என் கையால் உடைத்துத் தொடங்கிய முதல் கார் ஒன்பது வருடம் ஓடியது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

தார் நிலம் வெயிலில் இளகிக் கிடந்தது. அதில் அடித்தால் தேங்காய் உடையாது. நான் கட்டையான ஆள், மூக்குக்குக் கீழே குனியாமலே போய் நின்று, அந்த நீட்டு இரும்பில், மூலைக்குப் பக்கத்தில் ஒரே அடியாக அடித்தேன். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. எல்லாரும் சந்தோசமாகக் கையைத் தட்டினார்கள். ஆனால் என் காது வேறொன்றைக் கேட்டது. இரும்பு டொக் என்றது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அடிபட்ட இடத்தில் ஒரு காசளவு கறுப்புப் பெயின்ற் உதிர்ந்திருந்தது. அதற்குக் கீழே இரும்பு இல்லை. வெள்ளையாக ஏதோ பசை. நகத்தால் சுரண்டினேன், வந்தது. இரண்டு இரும்புக்கும் நடுவில் விட்ட இடைவெளியைப் பசையால் அடைத்து, மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

“தம்பி, உது கூடாத ஒட்டு,” என்றேன். “உதைத் திருப்பிக் குடுத்திட்டு வேறை எடு.”

“அம்மா!” என்றான் மகன். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். “நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறந்தாலே உப்பிடித்தானா?”

“நான் சொல்லுறது இரும்பைப் பற்றி. நாளைப் பற்றி இல்லை.”

“மாமி, பிறகு கதைப்பம்,” என்று மருமகள் நடுவில் வந்தாள். “அபசகுனமாக் கதையாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்.” சொல்லிக்கொண்டே விரலில் சந்தனத்தை எடுத்து, பெயின்ற் உதிர்ந்த அதே இடத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். பசை மறைந்துவிட்டது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையில் என் பிழை என்று ஒன்று இருந்தால் அதுதான். தேங்காய் உடைத்தது பிழை இல்லை. இரும்பு சொன்னதைக் காதால் கேட்டும், நல்ல நாள் என்று நின்றேனே, அதுதான்.

ட்றெயிலர் வந்து மூன்று கிழமையில் ஏரிக்கரைக்குப் போனோம். வடக்கே இரண்டு மணித்தியாலம். பிள்ளைகள் மூக்குக்குள்ளே படுத்துக்கொண்டு வரப்போகிறோம் என்று துள்ளினார்கள். பொலிஸ் பிடிக்கும் என்று தெரிந்தும் எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வதுண்டு. நான் விடவில்லை. இரண்டையும் பிக்கப்பின் பின்சீற்றில் என் இரண்டு பக்கமும் இருத்திக்கொண்டேன். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

அங்கே போய் இறங்கினால், உள்ளே ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. மேசை லாச்சியை இழுத்தால் இழுப்பறையின் முன்பலகை மட்டும் கையோடு வந்தது. பின்னால் பார்த்தால் கடதாசியில் அடிக்கிற கம்பியால் அடித்திருக்கிறார்கள். மழை ஒரு தூறல் போட்டது, ஜன்னல் மூலையால் தண்ணீர் மெத்தையில் இறங்கியது. மூக்குக்கு ஏறுகிற படிக்குப் பக்கத்தில் இருந்த அலுமாரிக் கதவு வீட்டில் நிற்கும்போது பூட்டியது. இங்கே இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது.

“ஈரத்திலை பலகை ஊதியிருக்கும்,” என்றான் மகன்.

வெளியில் போய்ப் பார்த்தேன். மூக்கு சேருகிற மூலையில் வெள்ளைத் தகடு, ஆறின பாலின் ஆடை மாதிரிச் சுருங்கி இருந்தது. பலகை ஊதினால் வெளித்தகடு ஏன் சுருங்குகிறது? மூக்குக்குக் கீழே போனேன். சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. அந்தப் பொட்டுக்குக் கீழேயிருந்து ஒரு வெடிப்பு, என் சின்னி விரல் நீளம். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அது பெயின்ற் கீறல், அம்மா.”

“பெயின்ற் கீறலுக்குள்ளை நகம் போகுமே?”

அவன் போய் நெருப்பை மூட்டினான். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்போது அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். பயம் அவனுக்கும் இருந்தது. வாயால் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னி விரல் ஒரு சாண் ஆகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, விற்ற இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போனோம். நகரத்துக்கு வெளியே, பெருந்தெருவோரம், கொடி கட்டிய ஒரு பெரிய வளவு. வரிசை வரிசையாக ட்றெயிலர்கள். நானும் இறங்கப் போனேன்.

“நீங்கள் உள்ளுக்கையே இருங்கோ, அம்மா. நான் கதைச்சிட்டு வாறன்.”

இருந்தேன். ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பி போட்ட ஓர் ஆள் வந்தான். மூக்குக்குக் கீழே குனிந்தான். சந்தனத்தையும் குங்குமத்தையும் விரலால் தொட்டு மணந்து பார்த்தான். ஏதோ கேட்டான். என் மகன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கீழே கொண்டுவந்து அடித்துக் காட்டினான். தேங்காய் உடைக்கிறதைத்தான் காட்டினான். தொப்பிக்காரன் முதலில் விளங்காமல் நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே திரும்பிக் கூப்பிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். மகன் மறுபடியும் கையைத் தூக்கி அடித்துக் காட்டினான். அவர்களும் சிரித்தார்கள்.

என் மகனும் சிரித்தான்.

தொப்பிக்காரன் சிரித்ததை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவன் யார், நான் யார். இவன் சிரித்தது இன்னும் நெஞ்சுக்குள்ளே நிற்கிறது.

வந்து ஏறினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாறன்ரிக்குள்ளை வராதாம், காசில்லாமல் திருத்தித் தரமாட்டினமாம். பாரமான சாமானாலை அடிச்சபடியாத்தான் ஒட்டு விட்டிருக்காம். அந்தப் பொட்டும் இரும்பை அரிச்சிருக்குமாம்.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் என்னத்தைச் சொல்ல? அவன் கேட்டான் ஏதாலையாவது அடிச்சனியளோ எண்டு. நான் உள்ளதைச் சொன்னன்.”

“உள்ளதிலை பசை இருந்தது. அதைச் சொன்னனியே?”

“அம்மா, அவங்கள் உதிலை படிச்ச ஆக்கள்.”

“தேங்காய் உடைஞ்சுதோ, இரும்பு உடைஞ்சுதோ?”

“ரண்டும்,” என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகள் அன்று பின்னேரம் தன் தமக்கைக்கு ரெலிபோனில் சொன்னாள். தமக்கை யாருக்குச் சொன்னாளோ. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர், என்னை விட வயது குறைந்தவர், பிரசாத வரிசையில் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அவவின்ரை கை படாமல் விட்டிருக்கலாம். உதுக்குத்தானே முந்தின ஆக்கள் சில வழக்கம் வைச்சவை.” நான் திரும்பினேன். “தம்பி, உங்கடை புது வானுக்குப் போன மாதம் ஆர் தேங்காய் உடைச்சது? நீங்கள்தானே? பின்னை ஏன் அது பழுதாகிக் கறாச்சிலை கிடக்குது?” என்று கேட்டேன். அவர் தூணைப் பார்த்தார். அவரை மடக்கியதில் என் கதை மறைந்துவிடவில்லை. இன்னும் ஒன்று கூடியதுதான் மிச்சம்.

ஒரு மாதம் போனது. ட்றெயிலர் வாசலில் நின்றது. ஒருநாள் காலையில் மகன் அதற்குக் கீழே படுத்துக் கிடந்தான். கடையிலிருந்து பசையும் கறுப்பு ஸ்பிறே பெயின்றும் வாங்கி வந்து வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தான். திருத்துகிறான் என்று நினைத்தேன்.

“உது நிக்காது, தம்பி. வெல்டிங்காரரைக் கூப்பிடு.”

“நிக்கத் தேவையில்லை. விக்கப்போறன். தமிழ்ப் பேப்பரிலை போட்டாச்சு.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

“வெடிச்சதெண்டு சொல்லியோ விக்கப்போறாய்?”

“எனக்கு வித்தவன் சொன்னவனே?”

“அவன் செய்தான் எண்டு நீயும் செய்வியோ? அவன் முகம் தெரியாத உனக்கு வித்தான். நீ எங்கடை பேப்பரிலை போட்டு எங்கடை சனத்துக்கு விக்கப்போறாய்.”

“அம்மா, உங்களுக்கு உலகம் தெரியாது. சும்மா இருங்கோ.”

சும்மா இருங்கோ. அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! படித்த பிள்ளைகளை வளர்த்தவளுக்குக் கடைசியில் கிடைப்பது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். ஸ்ரௌவ்விலில் புதிதாக வீடு வாங்கியிருக்கிற ஒரு குடும்பம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கணவன், மெலிந்த மனைவி. பிள்ளைகளை அவளுடைய தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். உள்ளே ஏறிப் பார்த்தார்கள். மனைவிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. குசினிக் கதவுகளைத் திறந்து திறந்து பார்த்தாள். லாச்சிகளை மகன் ஆணி அடித்து வைத்திருந்தான். மூக்குக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

“இதுக்கை மூண்டு பிள்ளையளும் படுத்துக்கொண்டே வரலாம், என்ன அண்ணை? காருக்குள்ளை ஒரே சண்டை.”

அப்படி வரக்கூடாது என்றுகூட என் மகன் சொல்லவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியில் இறங்கியதும் கணவன்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் கதை போயிருக்கிறது. “அம்மா, பயப்பிடாதேங்கோ. நாங்கள் தேங்காய் உடைக்கிற ஆக்கள் இல்லை.” மனைவி அவனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். ஆசீர்வதித்த தண்ணீர். “எடுக்கிறதெண்டால் முதல் இதைத் தெளிச்சிடுவம்,” என்று மூடியைத் திருகினாள். மருமகள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் அமைதியாக நின்றார்கள்.

அதே அமைதி. சந்தனம் அப்பிய அன்றைக்கு நின்ற அதே அமைதி. அன்றைக்கு அந்த அமைதிக்குள்ளேதான் நான் வாயை மூடினேன்.

“பிள்ளை, கொஞ்சம் பொறு,” என்றேன். உள்ளே போனேன். மாடிப்படி ஏறி, என் அறை அலுமாரியிலிருந்து சுத்தியலையும் சோக்கையும் எடுத்தேன். முழங்கால் நோவோடு ஏறி இறங்க நேரம் எடுத்தது. திரும்பி வரும்வரை ஒருவரும் அசையவில்லை. மூக்குக்குக் கீழே போய் நின்று, முதலில் நல்ல இடத்தில் தட்டினேன். கிண். பிறகு மூலையில் தட்டினேன். டொக்.

“அம்மா, வாங்கோ உள்ளுக்கை,” என்றான் மகன்.

நான் சுத்தியலின் முனையால் பெயின்றைச் சுரண்டினேன். காய்ந்த பசை பொலபொலவென்று என் சட்டைக் கையில் கொட்டியது. உள்ளே வெடிப்பு வாயைத் திறந்தது. ஒரு சாணுக்கும் மேல். அதன் குறுக்கே மஞ்சள் சோக்கால் புள்ளடி போட்டேன்.

“நோ குட்,” என்றேன். தமிழ் ஆட்களுக்கு ஏன் இங்கிலீஷில் சொன்னேனோ தெரியாது. அந்த வேலைக்கு எனக்கு அந்தச் சொல்தான் வரும். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: “உன்ரை மூண்டு பிள்ளையளையும் இதுக்கை படுக்க விடாதை.”

கணவன்காரன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என் மகனைப் பார்த்தான். “அண்ணை, உது உங்களுக்குத் தெரியுமே?” என்று மட்டும் கேட்டான். அவள் போத்தலின் மூடியைத் திருப்பித் திருகி, பைக்குள் வைத்து, பையைப் பூட்டினாள். இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள்.

“என்ரை மானத்தை வாங்கிப்போட்டியள்,” என்றான் மகன்.

“என்ரை மானம் ஒரு மாதமா தமிழ்க் கடை வழிய கிடக்குது. அதை ஆர் வாங்கினது?”

பன்னிரண்டு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், கோப்பையைக் கழுவினான், போனான். நானும் வலியப் போகவில்லை. சோறு போட்டேன், அது என் வேலை. மன்னிப்புக் கேட்பது என் வேலை இல்லை.

பதின்மூன்றாவது நாள் சனிக்கிழமை. காலையில் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, சப்பாத்தைப் போடுங்கோ. அந்தச் சுத்தியலையும் எடுங்கோ.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. சுத்தியல், சோக், அதோடு குசினியிலிருந்து ஒரு தேங்காயும் எடுத்துப் பையில் போட்டேன். பிக்கப்பில் வடக்கே போனோம். வழியில் அவன் ஒரே ஒரு வசனம்தான் சொன்னான்: “மூண்டு பிள்ளையள் எண்டு அவ சொல்லேக்கை எனக்கு வாய் வரேல்லை, அம்மா.”

ட்றெயிலர் விற்ற அந்த வளவில் சனம் நின்றது. இந்த முறை நான்தான் முதலில் இறங்கினேன். எங்களுடையதைப் போலவே ஐந்து ட்றெயிலர் வரிசையாக நின்றன. தொப்பிக்காரன் எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். நான் பைக்குள்ளிருந்து தேங்காயை எடுத்தேன். அவன் கை அந்தரத்திலேயே நின்றது.

முதலாவது ட்றெயிலரின் மூக்குக்குக் கீழே போனேன். இரும்பின் நடுவில், ஒட்டே இல்லாத இடத்தில், ஓங்கி அடித்தேன். தேங்காய் பிளந்து தண்ணீர் அவனுடைய சப்பாத்தில் தெறித்தது. இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“தேங்காய்தான் உடையும் எண்டு சொல்லு அவனுக்கு,” என்றேன் மகனிடம்.

சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

பிறகு சுத்தியலை எடுத்தேன். மூலையில் தட்டினேன். கிண். சரி. அடுத்தது. டொக். மஞ்சள் புள்ளடி. அடுத்தது. டொக். புள்ளடி. தொப்பிக்காரன் “லேடி, லேடி” என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தான். மகன் குறுக்கே போய் நின்றான். அவன் எனக்காகக் குறுக்கே நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலாவது நல்லது. ஐந்தாவது டொக். ஐந்தில் மூன்று. வாங்க வந்த ஒரு வயதுபோன வெள்ளைக்காரச் சோடி பார்த்துக்கொண்டு நின்றது. கிழவர் முழங்காலை ஊன்றி, நான் புள்ளடி போட்ட இடத்தில் நகத்தை வைத்துச் சுரண்டி, வந்த பசையை மனைவியிடம் காட்டினார். இரண்டு பேரும் கையிலிருந்த கடதாசிகளை அந்த ட்றெயிலரின் படியில் வைத்துவிட்டு நடந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். கதிரை தந்தார். கோப்பி தந்தார். நான் குடிக்கவில்லை. மகனும் அவரும் நெடுநேரம் கதைத்தார்கள். எங்கள் ட்றெயிலரைச் செய்த இடத்துக்கே எடுத்துப் போய், அந்த இரும்பை வெட்டி எடுத்து, புதிதாகப் போட்டுத் தருவார்களாம்.

“அந்த மூண்டையும் என்ன செய்யப்போயினமாம்?” என்று கேட்டேன்.

மகன் கேட்டான். கழுத்துப்பட்டிக்காரர் ஏதோ நீட்டாகச் சொன்னார்.

“பாப்பினமாம்,” என்றான் மகன்.

நாங்கள் வளவை விட்டு வெளிக்கிடும்போது நான் திரும்பிப் பார்த்தேன். தொப்பிக்காரன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய் என் புள்ளடிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

இலை விழுகிற காலத்தில் எங்கள் ட்றெயிலர் திரும்பி வந்தது. மூலை இரண்டிலும் என் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். கொண்டுவந்தவன் கையெழுத்துக்குக் கடதாசியை நீட்டினான். மகன் பேனையை வாங்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். அவசரப்படவில்லை. கொண்டுவந்தவன் இரண்டு சிகரெட் குடித்து முடித்தான். எல்லாம் கிண் என்றது. “குட்” என்றேன். அதற்குப் பிறகுதான் மகன் கையெழுத்து வைத்தான்.

மருமகள் தட்டில் தேங்காயோடு வந்து நின்றாள். “மாமி, நீங்களே உடையுங்கோ.” அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. எனக்கு விளங்கியது.

“ஒருக்கா உடைச்சது போதும்,” என்றேன். “கொண்டுபோய்ச் சம்பலுக்குத் திருவு.”

அந்த ட்றெயிலரில் பிறகு ஐந்தாறு கோடை போனோம். கடையில் என்னைக் கேலி செய்கிறவர்களுக்கு இந்தப் பாதிக் கதை போய்ச் சேரவே இல்லை. கேலிக் கதை ஓடுகிற ஓட்டம் உண்மைக்கு இல்லை.

ஆனால் என்னை இன்னும் எரிப்பது அது இல்லை. அடுத்த வசந்தத்தில் அந்தப் பெருந்தெருவால் போனபோது மகனிடம் வாகனத்தை மெதுவாக்கச் சொல்லி அந்த வளவைப் பார்த்தேன். ஐந்து நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் விற்றுப் போயிருந்தன. திருத்தி விற்றார்களா, கழுவி விற்றார்களா, யார் சொல்லப்போகிறார்கள்? என் சோக் அடையாளம் இல்லாமல் அந்த மூன்றும் எங்கேயோ ஓடுகின்றன. எந்தத் தாய் தன் பிள்ளைகளை அந்த மூக்குக்குள்ளே படுக்க வைத்தாளோ.

இப்போதும் பெருந்தெருவில் அந்த மாதிரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அதன் வெள்ளைத் தகடு மூலையில் சுருங்கியிருக்கிறதா என்றுதான் கண் போகும். சுருங்கியிருந்தால் மகன் ஹோர்ன் அடிப்பான். சில பேர் ஜன்னலால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள் வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்து.